மண்ணின் ஆட்டங்கள் – 9: இருபதில் பத்தொன்பது

1996 முதல் 2015 வரை இருபது ஆண்டுகள். வட அயர்லாந்தின் அர்மா கவுன்ட்டியில் இந்தக் காலத்தில் நடந்த சீனியர் கேலிக் கால்பந்து சாம்பியன்ஷிப்பை பத்தொன்பது முறை வென்றது ஒரே அணி: கிராஸ்மக்ளென் ரேஞ்சர்ஸ். ஊரின் மக்கள்தொகை சுமார் 1,600.

ஐரோப்பாவின் மற்றக் கால்பந்தில் ஓர் அணி இப்படி ஆண்டுக்கணக்கில் கோலோச்சினால், காரணத்தைத் தேடி அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டலாம். பணக்கார முதலாளி ஒருவர் நட்சத்திரங்களை விலைக்கு வாங்கியிருப்பார். அர்மாவில் அதற்கு வழியே இல்லை. கேலிக் கால்பந்தில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் கிடையாது. ஏலமும் கிடையாது. ஆசிரியர், விவசாயி, எலெக்ட்ரீஷியன் எனப் பகலில் ஆளுக்கொரு வேலை, மாலையில் பயிற்சி.

1884-ல் தர்லஸ் நகரின் ஹேய்ஸ் ஹோட்டலில் கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தச் சங்கம் தன் அஸ்திவாரத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகள் மேல், அதாவது ஊர்த் தேவாலய வட்டாரங்கள் மேல், போட்டது. பெரும்பாலும் ஒரு பங்குக்கு ஒரு கிளப். பிறந்து வளர்ந்த பங்கு எதுவோ, அதுதான் உங்கள் அணி. பக்கத்து ஊர் அணி பலமானது என்பதற்காக அங்கே தாவ முடியாது. தாத்தா ஆடிய அணியில் அப்பா, அப்பா ஆடிய அணியில் மகன்.

இந்த ஊர் அணிகள் தங்களுக்குள் மோதுவதுதான் கவுன்ட்டி சாம்பியன்ஷிப். சீனியர், இடைநிலை, ஜூனியர் என மூன்று படிகள். வென்றவர் மேலே ஏறுவார், தோற்றுக்கொண்டே இருப்பவர் இறங்குவார். ஒரு பக்கத்துக்கு 15 பேர், 60 நிமிட ஆட்டம். அந்த ஆண்டுகளின் விதிப்படி, குறுக்குக் கம்பிக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் கோல். கோலுக்கு மூன்று புள்ளிகள். அர்மாவில் ஜெயித்தவருக்கு ஜெரி ஃபேகன் கோப்பை. அதோடு முடியாது. கவுன்ட்டியை வென்ற அணி அடுத்து மாகாணப் போட்டிக்குப் போகும். அல்ஸ்டர் மாகாணத்தில் ஒன்பது கவுன்ட்டிகள். ஆறு பிரிட்டனின் ஆட்சியில், மூன்று அயர்லாந்துக் குடியரசில். அரசியல் வரைபடத்தில் கோடு போட்டாலும் விளையாட்டின் வரைபடம் அந்தக் கோட்டை ஏற்கவில்லை. அங்கும் வென்றால் 1970-71-ல் தொடங்கிய அகில அயர்லாந்து கிளப் சாம்பியன்ஷிப். அதன் இறுதி ஆட்டம் பல ஆண்டுகள் டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில், மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளன்று நடந்தது.

அர்மா இந்த வரைபடத்தில் பெரிய பெயர் இல்லை. வட அயர்லாந்தின் ஆறு கவுன்ட்டிகளில் பரப்பளவில் அதுதான் மிகச் சிறியது. 1970-களில் கோலோச்சியவர்கள் லர்கன் நகரின் கிளான் நா கேல் அணியினர். 1972, 73, 74 என மூன்று முறை தொடர்ந்து அல்ஸ்டரை வென்றவர்கள். 1995-ல் முல்லாபான் என்ற சிற்றூர் அர்மாவையும் அல்ஸ்டரையும் வென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் எல்லையோரக் கிராஸ்மக்ளெனின் முறை வந்தது.

அந்த ஊரின் நிலைமையைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தெற்கு அர்மா, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. மிக வலுவாக இருந்த பகுதி. சாலையில் கண்ணிவெடி அச்சம் இருந்ததால் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே பெரும்பாலும் ஹெலிகாப்டரில்தான் நடமாடியது. கிராஸ்மக்ளெனில் ராணுவ முகாம் அமைந்த இடம் கிளப்பின் மைதானத்தை ஒட்டி. 1970-களில் மைதான நிலத்தின் ஒரு பகுதியையும் ராணுவம் எடுத்துக்கொண்டது. தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இறங்கும், கீழே பிள்ளைகள் பயிற்சி செய்வார்கள். நிலத்தைத் திரும்பப் பெற கிளப் பல ஆண்டுகள் போராடியது. மறுபக்கம், பிரிட்டிஷ் ராணுவத்தினரும் வட அயர்லாந்து போலீஸாரும் சங்கத்தில் உறுப்பினராகக் கூடாது என்ற 21-ம் விதியைச் சங்கம் 2001 வரை விலக்கவில்லை. இரு தரப்புக்கும் இந்த விளையாட்டு வெறும் விளையாட்டாக இருந்ததில்லை.

அப்படிப்பட்ட ஊருக்கு 1990-களில் ஜோ கெர்னன் பயிற்சியாளரானார். 1977-ல் கவுன்ட்டி அணிகளுக்கான அகில அயர்லாந்து இறுதியில் அர்மாவுக்காக இரண்டு கோல் அடித்தும் டப்ளினிடம் தோற்றுத் திரும்பியவர். அவருக்கு ஒரு நல்ல தலைமுறை கிடைத்தது: ஓஷீன் மக்கான்வில், இரட்டையர்களான ஜான் மக்என்டி, டோனி மக்என்டி, தடுப்பில் ஃபிரான்சி பெல்யூ. 1997-ல் மேயோ கவுன்ட்டியின் நாக்மோர் அணியைத் தோற்கடித்து முதல் அகில அயர்லாந்து கிளப் கோப்பை. 1999-ல் பாலினா அணிக்கு எதிராக ஒரே புள்ளி வித்தியாசத்தில் இரண்டாவது. 2000-ல் மூன்றாவது. அர்மா கோப்பையோ 1996-லிருந்து 2008 வரை பதின்மூன்று ஆண்டுகள் ஊரை விட்டு வெளியே போகவே இல்லை.

அந்த 2000 இறுதி ஆட்டத்தில் சுவாரஸ்யம் ஒன்று உண்டு. எதிரணி டப்ளினின் நா ஃபியானா. அதில் தடுப்பின் நடுவில் நின்றவர் கீரன் மக்கீனி, முல்லாபான்காரர். பிழைப்புக்காக டப்ளின் போனவர் அங்குள்ள கிளப்பில் சேரச் சங்கம் அனுமதிக்கும். ஆனால் கவுன்ட்டிக்கு ஆடும்போது அவர் பிறந்த மண்ணுக்கே ஆடலாம். இரண்டே ஆண்டுகளில் அதே மக்கீனி அர்மாவின் கேப்டன், கெர்னன் பயிற்சியாளர்.

2002-ல் கவுன்ட்டி அணிகளுக்கான அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் எதிரணி கெர்ரி. அர்மா அதுவரை அகில அயர்லாந்துக் கோப்பையைத் தொட்டதே இல்லை. மக்கான்வில் ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டார். இடைவேளையில் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. உடைமாற்றும் அறையில் கெர்னன், 1977-ல் தோற்றதற்குக் கிடைத்த நினைவுப் பரிசை எடுத்துச் சுவரில் அடித்து உடைத்தார். இரண்டாம் பாதியில் கோல் போட்டவர், பெனால்ட்டியை விட்ட அதே மக்கான்வில். ஒரு புள்ளியில் அர்மாவுக்கு முதல் கோப்பை. ஓர் ஊர் கவுன்ட்டிக்குள் மற்றவர்களைத் தோற்கடித்துக் கற்ற பாடம் கவுன்ட்டி முழுவதற்கும் பயன்பட்டது.

2007-ல் கிராஸ்மக்ளென் நான்காவது அகில அயர்லாந்து கிளப் பட்டம் வென்றது. அதே ஆண்டில் ராணுவமும் ஊரை விட்டு வெளியேறியது. 2009-ல் அர்மா கோப்பையை பியர்ஸ் ஓக் தட்டிப் பறித்தது. மறு ஆண்டே கிராஸ்மக்ளென் அதை மீட்டது. 2011, 2012-ல் மேலும் இரண்டு அகில அயர்லாந்துப் பட்டங்கள். அப்போது களத்தில் ஜோவின் மகன்கள் ஏரன், ஸ்டீபன், டோனி, பால்.

ஒரே அணி இத்தனை முறை ஜெயித்தால் போட்டி செத்துவிடாதா என்று கேட்கலாம். மற்ற கிளப்களுக்கு அந்த இருபது ஆண்டுகள் கசப்பானவைதான். நன்றாக ஆடிய பலர் ஒரு சாம்பியன்ஷிப் பதக்கம்கூட இல்லாமல் ஓய்வு பெற்றார்கள். சம்பள லீகில் என்றால் தோற்றவர் ஆளை வாங்கலாம், அல்லது ஆளை விற்றுவிட்டு ஒதுங்கலாம். இங்கே இரண்டும் முடியாது. பத்து வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, அவர்கள் இருபதைத் தாண்டும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். 2016-ல் லாக் நே ஏரிக்கரையின் மகெரி, தன் வரலாற்றிலேயே முதல் முறையாகக் கோப்பையை வென்றது. 2021-ல் லர்கனின் கிளான் ஏரன், 1963-க்குப் பிறகு முதல் முறையாக. பிறந்த பங்குக்கே ஆட வேண்டும் என்ற, ஒரே ஊரின் ஆதிக்கத்தைச் சாத்தியமாக்கிய விதிதான் மகெரியின் வெற்றியையும் முழுக்க மகெரிக்காரர்களின் வெற்றியாக்கியது. அந்தக் கோப்பைக்குப் பின்னால் வெளியாள் பணம் இருக்குமோ என்று சந்தேகப்பட யாருக்கும் இடமில்லை.

இந்த விதிக்கு இருண்ட பக்கமும் உண்டு. வேலை தேடி இளைஞர்கள் டப்ளினுக்கும் சிட்னிக்கும் போய்விட்டால், சிறிய பங்குகளில் 15 பேர் தேறுவதே பாடு. பிறப்பால் அமையும் அணிக்குப் பிள்ளைகளே பிறக்காவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தெற்கே கெர்ரி கவுன்ட்டி வேறொரு விடை வைத்திருக்கிறது: சின்னச் சின்ன கிளப்கள் கூடி ஒரு வட்டார அணியாகக் களமிறங்கலாம். முதல் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை வென்றதே அப்படிப்பட்ட கூட்டணி ஒன்றுதான், கிழக்கு கெர்ரி. அந்த ஏற்பாடு ஊர் அபிமானத்தைக் காப்பாற்றியதா, கரைத்ததா?

அடுத்த வாரம் கெர்ரிக்குப் போவோம்.