அரசு எதுவரை வரலாம்? கோயில், வயல், காற்று... கடலூர் மாவட்டம் சொல்லும் மூன்று கதைகள்

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் வேட்பாளர்கிட்ட என்ன கேட்போம்? ரோடு எப்போ போடுவீங்க, குடிதண்ணி எப்போ வரும், குப்பை வண்டி ஏன் வரலை. எல்லாமே "அரசு இதைச் செய்யணும்" வகைக் கேள்விகள்தான். "அரசு எதில் எல்லாம் தலையிடக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கான பதில் நம்ம கோயில், நிலம், மூச்சுக்காற்று வரைக்கும் வந்து நிற்கிறது. கடலூர் மாவட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

முதலில், இந்தக் கருத்து யாருடையது?

'அரசின் அதிகாரத்துக்கு ஓர் எல்லை வேண்டும், மிச்சத்தை மனிதர்களிடம் விட்டுவிட வேண்டும்' என்றதும் ஏதோ அமெரிக்க அரசியல் மாதிரி தோன்றலாம். ஆனால் அதைத் தமிழ்நாட்டில் இருந்தே உரக்கச் சொன்னவர் ராஜாஜி. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர் அவர்.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. விவசாயியின் நிலம் அவன் கையைவிட்டுப் போய்விடும் என்ற எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு சுதந்திரா கட்சி பிறந்தது. எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் நிலையை ராஜாஜி 'பெர்மிட் - லைசென்ஸ் - கோட்டா ராஜ்' என்று கிண்டலடித்தார். 1967 தேர்தலில் இந்தக் கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது.

இதில் ஒரு முரணும் இருக்கிறது. இதே ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். நாற்காலியில் இருக்கும்போது அரசு பெரிதாக வேண்டும், இறங்கிய பிறகு சிறிதாக வேண்டும். இன்றைய அரசியல்வாதிகளிடமும் இதைப் பார்க்கலாம்.

கதை 1: சிதம்பரம் கோயில்

நடராஜர் கோயிலை நிர்வகிப்பது பொது தீட்சிதர்கள். அரசு செயல் அலுவலரை நியமிக்கலாமா என்பதில் சண்டை 70 வருஷத்துக்கும் மேல் பழையது. 1951-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீட்சிதர்கள் பக்கம் நின்றது. அவர்கள் ஒரு தனி சமயப் பிரிவினர், அரசியலமைப்பின் 26-வது பிரிவு அவர்களுக்கு உண்டு என்றது. 1987-ல் அரசு மறுபடியும் செயல் அலுவலரை நியமித்தது. 2009-ல் உயர் நீதிமன்றம் அதைச் சரி என்றது. 2014 ஜனவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் சிம்பிள். நிர்வாகத்தில் முறைகேடு இருந்தால் அரசு உள்ளே வரலாம். ஆனால் அதைச் சரிசெய்யும் வரைக்கும்தான். சரியானதும் உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காலவரையறை இல்லாமல் உட்கார்ந்துகொள்ள முடியாது.

அப்போ முடிஞ்சுதா? இல்லை. கோயிலுக்குள் வரும் பக்தரின் சுதந்திரம் என்ன ஆவது? சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008-ல் அரசாணையும் போலீஸ் பாதுகாப்பும் தேவைப்பட்டன. கனகசபை மீது ஏறி நின்று தரிசிக்க 2022 மே 17-ல் இன்னோர் அரசாணை வந்தது. அதையும் தீட்சிதர்கள் எதிர்த்தார்கள்.

ஆக, இங்கே இரண்டு சுதந்திரங்கள் மோதுகின்றன. ஒன்று, அரசிடம் இருந்து ஒரு குழுவுக்கு வேண்டிய சுதந்திரம். இன்னொன்று, அந்தக் குழுவிடம் இருந்து ஒரு தனி மனிதருக்கு வேண்டிய சுதந்திரம். "அரசே வெளியே போ" என்பது முதல் கேள்விக்குத்தான் பதில். இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

கதை 2: வளையமாதேவி வயல்

2023 ஜூலை. சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் நட்டு வளர்ந்து நின்ற நெல் வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. என்.எல்.சி. இரண்டாம் சுரங்கத்துக்காக வாய்க்கால் வெட்டும் வேலை. பச்சைப் பயிர் மண்ணோடு புரளும் வீடியோ போன் போனாகப் பரவியது நினைவிருக்கலாம்.

நிலம் பல வருஷம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். காகிதத்தில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் நிலம் விவசாயியின் உழவில்தான் இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

சொத்துரிமை ஒரு காலத்தில் அடிப்படை உரிமை. 1978-ல் 44-வது திருத்தம் அதை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது. இப்போது 300ஏ பிரிவுதான் காவல்: சட்டத்தின் வழியாக இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்க முடியாது. ஆனால் சட்டம் போடுவதும் அரசு, என்.எல்.சி.யில் பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பதும் அரசு. ராஜாஜி பயந்தது இந்த மாதிரி இடத்தைத்தான்.

கதை 3: சிப்காட் காற்று

இப்போ கதை அப்படியே திரும்புகிறது. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் போனால், "அரசு தலையிடாதே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "ஏன் வரலை?" என்றுதான் கேட்பார்கள்.

ரசாயன ஆலைகளின் நாற்றம் பற்றிப் புகார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மக்கள், 2004-ல் தாங்களே பக்கெட்டும் பையும் வைத்துக் காற்று மாதிரி பிடித்தார்கள். ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காற்றில் நச்சு வேதிப்பொருட்கள் இருப்பது வெளியே வந்தது. காற்றுச் சட்டம் 1981 முதலே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இருக்கிறது. இருந்தும் அளந்து காட்டும் வேலையை ஊர்க்காரர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது.

பக்கத்து ஆலை என் மூச்சைக் கெடுக்கும்போது, அரசு ஒதுங்கி நிற்பது எனக்குச் சுதந்திரம் ஆகாது. அது ஆலைக்குத்தான் சுதந்திரம்.

சரி, என் கவுன்சிலருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு. கட்டட அனுமதி, தொழில் உரிமம், சொத்து வரி எல்லாம் உள்ளாட்சி அமைப்பு வழியாகத்தான் வருகிறது. சாதாரண மனிதர் அரசை நேருக்கு நேர் சந்திக்கும் இடமே அதுதான்.

அரசு இங்கே தன் கையைச் சுருக்கிக்கொண்ட ஓர் உதாரணமும் உண்டு. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, ஆன்லைனில் பதிவு செய்து கட்டணம் கட்டினால் உடனே அனுமதி. ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டாம், யாரையும் 'கவனிக்க' வேண்டாம். கட்சி வித்தியாசம் இல்லாமல் யாரும் வரவேற்கக்கூடிய மாற்றம் இது.

அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவர் "அரசு எடுத்து நடத்தணும்" என்றாலும் சரி, "அரசு தலையிடக் கூடாது" என்றாலும் சரி, இந்த நான்கையும் கேட்டுப் பாருங்கள்:

- அரசு உள்ளே வந்தால் யாருக்குப் பாதுகாப்பு? வெளியே நின்றால் யாருக்கு லாபம்?
- உள்ளே வந்த அரசு எப்போது வெளியே போகும்? தேதி உண்டா?
- பாதிக்கப்படுபவரைக் கேட்டுவிட்டு வருகிறதா, இயந்திரத்தை இறக்கிவிட்டுச் சொல்கிறதா?
- பதவியில் உட்கார்ந்த பிறகும் இதையே சொல்வீங்களா?

கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. ராஜாஜிக்கே அது கஷ்டமான கேள்விதான்.