எல்லையைக் கடக்கும் சான்றிதழ்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரு மாநிலம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பதை வெளியூரார் எளிதில் கண்டுகொள்ள இயலாது. இருபுறமும் ரப்பரும் தென்னையும் வாழையும். இருபுறமும் தமிழும் மலையாளமும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதன்பின், 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை, அமரவிளை சோதனைச் சாவடியில் காத்துநின்ற லாரி ஓட்டுநர்கள் ஓர் உண்மையை நன்கு அறிந்திருந்தனர்: சரக்கு எவ்வளவு சிறந்ததாயினும், தாள் சரியில்லையெனில் வண்டி நகராது.

அதே பாடத்தைப் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபின் மருத்துவக் கருவி உற்பத்தியாளர்கள் உலக அளவில் கற்க நேர்ந்தது. இது நமக்குத் தொலைதூரச் செய்தி அன்று. திருவனந்தபுரமும் அதன் சுற்றுப்புறமும் இந்திய மருத்துவக் கருவித் தொழிலின் முக்கிய மையங்களுள் ஒன்று. பேரூர்க்கடையில் 1969-இல் உற்பத்தியைத் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் இன்று எச்.எல்.எல். லைஃப்கேர் என்னும் பெயரில் இயங்குகிறது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானின் தலைமையில் உருவான இதய வால்வு, முதல் மூன்று மாதிரிகள் தோல்வியுற்று நான்காவது வெற்றிபெற்றபின், 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைப் பெற்று இரத்தப் பைகளைத் தயாரித்த பென்போல், பின்னர் ஜப்பானின் டெருமோவுடன் இணைந்தது. இத்தகைய ஆலைகளைச் சுற்றி அட்டைப்பெட்டி செய்வோர், லேபிள் அச்சிடுவோர், வார்ப்பு வேலை செய்வோர் எனச் சிறு தொழில்கள் பலவற்றுக்கு இடமுண்டு. பெரிய ஆலையின் ஏற்றுமதி ஒரு மாதம் தள்ளிப்போனால், அதன் தாக்கம் எல்லையோரக் கிராமத்துச் சிறு பட்டறையின் ரொக்கக்கடன் கணக்கில் தெரியும்.

நேர்ந்தது என்ன என்பதைச் சற்று நிதானமாகக் காண்போம். விலகலுக்கு முன் ஏற்பாடு எளிதாக இருந்தது. அறுவைக் கையுறையாயினும் இதய வால்வாயினும் ‘சி.இ.’ என்னும் ஒரே குறி பெற்றுவிட்டால், லிஸ்பன் முதல் லண்டன் வரை எல்லாச் சந்தைகளும் திறந்தன. அக்குறிக்கான ஆய்வை நடத்தும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுள் சில பிரிட்டனிலேயே இருந்தன. 2020 டிசம்பர் 31-உடன் இடைக்காலம் முடிவுற்றதும், அவ்வமைப்புகள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குச் சான்று வழங்கும் தகுதியை இழந்தன. அவற்றின் சான்றிதழை நம்பியிருந்தவர்கள், ஒன்றியத்துக்குள் உள்ள வேறோர் அமைப்புக்கு அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பிரிட்டனில் மட்டும் அதிகாரப்பூர்வப் பிரதிநிதியை வைத்திருந்தோர் ஐரோப்பாவுக்குத் தனியாக ஒருவரை நியமித்தனர். ஐரோப்பாவில் மட்டும் வைத்திருந்தோர் பிரிட்டனுக்கென ‘பொறுப்பாளர்’ ஒருவரை நியமித்து, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.வில் பதிவும் செய்தனர். வட அயர்லாந்துக்கோ ஐரோப்பிய விதியே தொடர்ந்தது. ஒரு குறி இருந்த இடத்தில் மூன்று கணக்குகள் வந்தன.

அதைவிடப் பெரிய இடர் தேதிகளால் வந்தது. பிரிட்டன் ‘யு.கே.சி.ஏ.’ என்னும் தன் சொந்தக் குறியை அறிமுகப்படுத்தி, சி.இ. குறியை 2023 ஜூன் 30 வரை மட்டுமே ஏற்பதாக முதலில் அறிவித்தது. 2022 அக்டோபரில் அந்தக் கெடு ஓராண்டு தள்ளிவைக்கப்படுவதாகத் தெரிவித்தது. 2023-இல் புதிய திருத்தம் வந்தது: பழைய ஐரோப்பிய நெறிமுறையின்படி சான்று பெற்ற கருவிகளை, சான்றிதழ் காலாவதியாகும் நாள் அல்லது 2028 ஜூன் 30, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை ஏற்கலாம், புதிய ஐரோப்பிய விதிக்கு உட்பட்டவற்றை 2030 ஜூன் 30 வரை ஏற்கலாம். 2025 ஜூலையிலோ, சி.இ. குறியைக் காலவரையறையின்றி ஏற்பது குறித்துக் கருத்துக் கேட்கப்போவதாகவும் அந்நாடு அறிவித்தது. முதல் கெடுவை நம்பிப் பணம் செலவிட்டு யு.கே.சி.ஏ. குறி பெற்றவர், அதுவே தேவைதானா என்று இன்று கேட்கும் நிலை.

அப்படியானால் காத்திருந்தவரே புத்திசாலியா? அவ்வாறு முடிவுகட்டிவிட இயலாது. இதே காலத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் தன் விதியைக் கடுமையாக்கியது. புதிய விதி 2021 மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆய்வு அமைப்புகளிடம் விண்ணப்பங்கள் குவிந்ததால், 2023-இல் அங்கும் கெடு நீட்டிக்கப்பட்டது. உயர் இடர் வகைக்கு 2027 இறுதி, பிறவற்றுக்கு 2028 இறுதி. ஆனால் இந்த நீட்டிப்பு எல்லார்க்கும் தாமாகக் கிடைக்கவில்லை. 2024 மே 26-க்குள் விண்ணப்பித்து, அதே ஆண்டு செப்டம்பர் 26-க்குள் ஆய்வு அமைப்புடன் ஒப்பந்தம் செய்தவர்க்கே அது உரியதாயிற்று. பிரிட்டனில் காத்திருந்தவர்க்கு ஆதாயம். ஐரோப்பாவில் கைகட்டிக் காத்திருந்தவர்க்குச் சந்தையே இழப்பு. ஓரிடத்தில் கிட்டிய அதிர்ஷ்டத்தை மற்றோரிடத்தில் வணிகக் கொள்கையாகக் கொள்ளலாகாது.

வங்கியாளர் நோக்கில் இங்கே கவனிக்கத்தக்கவை சில உள.

முதலாவது, கடனுறுதிக் கடிதம் எனப்படும் எல்.சி. இதில் வங்கிகள் கையாள்வது ஆவணங்களையே, சரக்கை அன்று. எல்.சி.யில் குறிப்பிட்ட சான்றிதழின் பெயரோ காலாவதி நாளோ மாறுபட்டால், சரக்கு பழுதற்றதாயினும் பணம் நின்றுபோகலாம். ஒப்பந்தம் எழுதும்போதே, எந்தக் குறி, எந்த நாட்டுக்கு, எந்த நாள்வரை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காப்பீடு. ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகமான இ.சி.ஜி.சி.யின் பாலிசி எல்லா இழப்பையும் ஈடுசெய்யும் என்று சிலர் எண்ணுகின்றனர். தரம் குறித்து வாங்குபவர் எழுப்பும் தகராறும், அவர் தம் நாட்டின் இறக்குமதி அனுமதியைப் பெறத் தவறுவதும் பொதுவாக அப்பாதுகாப்புக்குள் வருவதில்லை. சான்றிதழ்ச் சிக்கலால் சரக்கு துறைமுகத்தில் தேங்கினால், அச்சுமை ஏற்றுமதியாளர் தலையிலேயே விழக்கூடும்.

மூன்றாவது, நடைமுறை மூலதனம். ஆய்வுக் கட்டணம், பிரதிநிதிக் கட்டணம், லேபிள் மாற்றம் ஆகிய செலவுகள் விற்பனை தொடங்குமுன்பே வருகின்றன. விற்றபின் வரும் வருவாயை நம்பிப் பெறும் பேக்கிங் கிரெடிட்டில் இவற்றை அடக்க முயல்வது இடருக்கு வழிவகுக்கும். இவற்றைத் தனிச் செலவாகத் திட்டமிட்டு, கடன் வரம்பைப் புதுப்பிக்கும்போதே வங்கியிடம் எடுத்துரைப்பது நலம். பழைய லேபிள்களை ஆண்டுத் தேவைக்கு மொத்தமாக அச்சிட்டுக் குவிப்பதையும் தவிர்க்கலாம்.

நான்காவது, நம் நாட்டுச் சட்டம். 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளின்படி, கருவிகள் ஏ முதல் டி வரை நான்கு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏ, பி வகைகள் 2022 அக்டோபர் முதலும், சி, டி வகைகள் 2023 அக்டோபர் முதலும் உரிம நடைமுறைக்குள் வந்துவிட்டன. இவ்வுரிமத்துக்காக முறைப்படி பேணும் தர ஆவணங்கள் வெளிநாட்டுச் சான்றிதழுக்கான ஆய்விலும் பெரிதும் துணைசெய்யும். அரசுகள் கெடுவை மாற்றலாம். ஒழுங்காக எழுதிவைத்த சோதனைப் பதிவேட்டின் மதிப்பு மாறுவதில்லை.

2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சுங்க வரி குறைவது வரவேற்கத்தக்கதே. எனினும் வரி குறைந்த சரக்குக்கும் சான்றிதழ் வேண்டும். பெரிய ஆலைகளுக்கு இதைக் கவனிக்கத் தனிப் பிரிவே இருக்கும். அவர்களுக்குப் பெட்டியும் லேபிளும் உதிரிப்பாகமும் வழங்கும் சிறு தொழில்முனைவோர்க்கு அவ்வசதி இல்லை. ஆகவே, அடுத்த ஆர்டரை ஏற்கும்போது விலையோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இப்பொருள் போகும் நாட்டில் இதன் சான்றிதழ் எந்த நாள்வரை செல்லும்?’ விடை கிடைத்தபின், அதையும் குறித்துக்கொண்டு உங்கள் கிளைக்கு வாருங்கள். கடனின் தவணையை அந்த நாளுக்கேற்ப அமைப்பது, தவணை தவறியபின் பேசுவதைவிட இரு தரப்புக்கும் எளிது.