கடையநல்லூரில் புலம்பெயர்ந்தோர் பணமும் வீட்டு உழைப்பும்

புலம்பெயர்ந்தோர் பணம் என்பது வெளிநாட்டில் பணிபுரிவோர் தம் குடும்பத்திற்கு அனுப்பும் வருவாய்ப் பகுதியாகும். இப்பணம் வீட்டிலிருப்போரின் உழைப்பையும் மாற்றுகிறது. தாமிரபரணியின் துணையாறான சிற்றாற்றின் வடிநிலத்தில் அமைந்துள்ள கடையநல்லூர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் உருவாகும் வரை இவ்வூர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.

வரலாறு

இவ்வூர் முஸ்லிம்களில் பலர் கைத்தறி நெசவாளர்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். 1941 இல் அங்கு சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தபின் ஊருக்குப் பணம் அனுப்பும் வழி அடைபட்டது. வெளிநாட்டு வருவாயை மட்டும் நம்பிய வீட்டின் நிலை எத்தகையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளும் பயண இடங்களாயின.

உழைப்பில் ஏற்படும் மாற்றம்

வெளியிலிருந்து பணம் வந்தால் வீட்டிலிருப்போர் கூலிவேலையைக் குறைப்பர் என்பது பொருளியலின் எளிய எதிர்பார்ப்பு. இது வருமான விளைவு எனப்படும். நடைமுறை இவ்வளவு நேரானதன்று. கைத்தறி ஒருவரின் தொழிலன்று. ஒருவர் தறியில் அமர, வீட்டுப் பெண்கள் தார் சுற்றிக் கொடுப்பர். நெய்பவர் கப்பலேறினால் தறியுடன் தார் சுற்றும் வேலையும் நின்றுவிடும். அதாவது, முதல் பணம் வந்து சேரும் முன்பே வீட்டின் வருவாய் குறைகிறது. பயணத்திற்கு வாங்கிய கடன் வேறு இருக்கும்.

இவ்வட்டாரத்தில் பீடி சுற்றுதல் பெண்களின் முதன்மையான வீட்டுத்தொழிலாகும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு எனக் கூலி கணக்கிடப்படுகிறது. வீட்டுவாசலைத் தாண்டாமல் செய்யலாம். இடையில் நிறுத்தி அடுப்பைக் கவனிக்கலாம். கூலி சிறிதாயினும் வெளிநாட்டுப் பணம் தாமதமாகும் மாதத்தில் அதுவே கைகொடுக்கும். எனவே பணம் வரும் வீடுகளிலும் சுளகு உடனே ஓரம் கட்டப்படுவதில்லை. ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் ஆகியோர் 1985 இல் எழுதிய கட்டுரை, புலம்பெயர்வை இடரைப் பகிரும் குடும்பத்தின் கூட்டு முடிவாகவே விளக்குகிறது.

சுற்றும் பீடியின் எண்ணிக்கை குறைந்தாலும் அதை ஓய்வு எனக் கொள்வது பிழை. வங்கிக்குச் செல்வது, நியாயவிலைக் கடை, பிள்ளைகளின் பள்ளி, மாமியாரின் மருத்துவம், வீடு கட்டும் கொத்தனாரை மேற்பார்ப்பது ஆகியவை மனைவியின் பொறுப்பாகின்றன. இவற்றிற்குக் கூலி இல்லாததால் வருவாய்க் கணக்கில் அவர் "வேலை செய்யாதவர்" என்றே பதிவாகிறார்.