‘பாராபென் இல்லை’ என்றால் என்ன இருக்கிறது?

ஷாம்பு புட்டியின் முகப்பில் ‘பாராபென் இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருந்தால் நிம்மதியாக வாங்கிவிடுகிறோம். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதைச் சேர்த்தார்கள் என்பது புட்டியின் பின்பக்கம், பொடி எழுத்தில் இருக்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போடக் கூடாது என்று நம் வீடுகளில் கண்டிப்பார்கள். கிரீமுக்கும் அதே சங்கடம்தான், அதன் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இருந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். கண்மையில் வளர்ந்தால் கண்ணின் கருவிழியையே அவை பதம் பார்த்துவிடும். எனவே கெடாமல் காக்கும் பிரிசர்வேட்டிவ் ஒன்று வேண்டும். பாராபென் அப்படிப்பட்ட ஒன்றுதான். எது இல்லை என்று கேட்பதைவிட எது இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, தோலில் எத்தனை நேரம் தங்குகிறது என்று கேட்பதே முக்கியம். ஐரோப்பாவில் நடந்ததைப் பார்த்தால் இது புரியும்.

2004-ல் இங்கிலாந்தின் ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருபது மார்பகப் புற்றுக்கட்டி மாதிரிகளில் பாராபென் இருப்பதாக எழுதினார்கள். பாராபென்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் அச்சம் பரவியது, ‘பாராபென் இல்லை’ என்பது விற்பனை வாசகமாயிற்று. மறு ஆண்டே, மெத்தில்ஐசோதையசோலினோன் என்ற வேறொரு பிரிசர்வேட்டிவை அழகுசாதனங்களில் தனியாகச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் அனுமதித்தது. சுருக்கமாக எம்.ஐ. என்பார்கள். 1980-களிலிருந்தே அது வேறொரு பொருளோடு கலந்து புழங்கிவந்தது. அந்தக் கலவை பலருக்கு ஒவ்வாமை தந்ததால் அதன் அளவைப் பத்து லட்சத்துக்கு 15 பங்கு என்று குறைத்திருந்தார்கள். அந்தப் பதினைந்தில் எம்.ஐ. ஏறக்குறைய நான்கு பங்குதான். தனியாக வந்தபோதோ 100 பங்குவரை போகலாம் என்றார்கள். கலவையில் இருந்த இரண்டில் இதுவே சாது என்று கருதியதும், கிருமியைக் கொல்ல இது கூடுதலாகத் தேவைப்பட்டதும்தான் காரணம். நாம் தொடும் எம்.ஐ. இப்படிப் பல மடங்கானது.

பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ன பெரிய அளவா என்று கேட்கலாம். நஞ்சுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், ஒவ்வாமைக்கு அப்படியே பொருந்தாது. இந்தச் சிறு மூலக்கூறு தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியனென்று அடையாளம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அப்போது எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு எப்போதாவது மறுபடி தொடும்போது, ஓரிரு நாள் கழித்து அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் வரும். அந்த இடைவெளியால் பழி நேற்றுச் சாப்பிட்ட கத்தரிக்காய் மீது விழுகிறது. வருடக்கணக்காகப் பூசிவந்த கிரீமை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒருமுறை பதிந்த நினைவோ பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

கழுவிவிடும் ஷாம்புவைவிடத் தோலிலேயே தங்கும் கிரீமும், குழந்தைகளைத் துடைக்கும் ஈர வைப்ஸும்தான் அதிகம் படுத்தின. அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் 2014-ல் ஆறு குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. வாயைச் சுற்றியும் பின்புறத்திலும் ஆறாத புண். எக்ஸிமா என்றும் வேறு தொற்று என்றும் எண்ணி வைத்தியம் நடந்திருக்கிறது. எம்.ஐ. கலந்த வைப்ஸை நிறுத்தியதும் புண் ஆறியது. சுத்தமாக வைத்திருக்கத்தான் அந்தப் பெற்றோர் துடைத்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. 2013 டிசம்பரில் ஐரோப்பிய அழகுசாதனத் தொழில் அமைப்பே, தோலில் தங்கும் பொருட்களில் எம்.ஐ.யை நிறுத்துங்கள் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. சட்டத் தடை நடைமுறைக்கு வந்தது 2017 பிப்ரவரியில். இந்த மூன்று வருடத் தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

பாராபென் ஹார்மோனைக் குலைக்காதா என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் ஐரோப்பா ஐந்து வகைப் பாராபென்களை 2014-ல் விலக்கி, மெத்தில், எத்தில் வகைகளை வரம்போடு வைத்திருக்கிறது. ஒவ்வாமையைப் பொறுத்தவரை பாராபென்தான் இருப்பவற்றில் மிகச் சாது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவச் சங்கம் 2013-ல் எம்.ஐ.யை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. 2019-ல் பாராபென்னை ‘ஒவ்வாமை தராத பொருள்’ என்று முன்னிறுத்தியது. இந்த வம்பே வேண்டாம், இயற்கைப் பொருளே போதுமே என்றால், எலுமிச்சைத் தோலின் லிமோனீனும் லாவெண்டரின் லினாலூலும் காற்றுப் பட்டு மாறியபின் நன்றாகவே ஒவ்வாமை தருபவை.

சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகு மீண்டும் ஒருமுறை பார்ப்பார்கள். எந்தப் பொருள் என்று தெரிந்துவிட்டால் அதன் பெயரைப் பின்பக்கப் பட்டியலில் தேடித் தவிர்க்கலாம். ஆனால் எம்.ஐ. பாத்திரம் கழுவும் திரவத்திலும் சுவர் பெயின்டிலும்கூட இருக்கிறது. கிரீமால் ஒவ்வாமை பிடித்த ஒருவருக்கு, புதிதாகப் பெயின்ட் அடித்த அறையின் காற்றே முகத்தை வீங்கவைக்கலாம். அழகுசாதனச் சட்டம் அந்தப் பெயின்ட் டப்பாவைக் கட்டுப்படுத்துவதில்லை.