வேப்பிலைக் கஷாயமும் வெள்ளி நுண்துகளும்

வேம்பின் பெருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அம்மை கண்ட இல்லத்தின் வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கம் நம் ஊர்களில் வழிவழி வந்தது. வெள்ளியும் நமக்குப் புதிதன்று. அதனைப் புடமிட்டுப் பற்பமாக்கும் முறையைச் சித்த வைத்தியர் நெடுங்காலமாக அறிவர். ஆயின், வேப்பிலைக் கஷாயமும் வெள்ளி உப்பும் ஒரே கலத்திற் கூடுமிடத்து நிகழ்வதை விஞ்ஞானிகள் ஆராய்ந்தறிந்தது அண்மையிலேயாம். 2004ஆம் ஆண்டிலே பூனா நகரத்துத் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சங்கர், முரளி சாஸ்திரி முதலிய அறிஞர், வேப்பிலையை நீரிற் கொதிப்பித்து வடித்த சாற்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு கலந்தனர். சில மணி நேரத்துள் அக்கரைசலிலே வெள்ளி நுண்துகள்கள் உருவாயின. நிறமற்றிருந்த வெள்ளிக் கரைசல் இவ்வாறு மஞ்சளாகிப் பின் கபில நிறமெய்துவதே துகள் பிறந்தமைக்கு முதற் சான்று.

இத்துகளின் சிறுமையை எங்ஙனம் விளக்குவது? ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர் எனப்படும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். நாம் பேசும் துகள்களோ பெரும்பாலும் 100 நனோமீற்றருக்கு உட்பட்டவை. ‘நனோ’ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது. தமிழிலே ‘குறள்’ என்னும் சொல்லுக்கும் குள்ளன் என்ற பொருளுண்டு. கலைச்சொல் ஆக்குவோர் இதனைக் கருத்திற் கொள்வாராக. எமக்கு இதிலே சற்று ஆசையுண்டு.

கரைசலிலுள்ள வெள்ளி அணுவுக்கு ஓர் இலத்திரன் குறைவு. இலைச்சாற்றிலுள்ள சர்க்கரை வகைகளும் பிற சேர்வைகளும் அவ்விலத்திரனை ஈய, அணு உலோகமாகின்றது. அணுக்கள் ஒன்றோடொன்று கூடித் துகளாகின்றன. அத்துகள் மேலும் பருத்துவிடாதபடி அதே சாற்றுப் பொருள்களே அதன்மேற் போர்வையாகப் படிந்து காக்கின்றன. ஆய்வுகூடத்திற் கடுமையான இரசாயனங்களைக் கொண்டு இயற்றும் இரு வேலைகளை ஓர் இலை தானே செய்து முடிக்கின்றது. நிறமாற்றம் ஒளியின் விளைவு: துகளின் இலத்திரன்கள் ஒருங்கே அசைந்து ஒளியின் ஒரு கூற்றை விழுங்க, எஞ்சியதே நம் கண்ணுக்குப் புலனாகின்றது. பொன்னை இவ்வாறு நுண்துகளாக்கினாற் செந்நிறம் தோன்றும் என்பதை மைக்கேல் பரடே 1857ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து வெளியிட்டார்.

சிறுமையால் நோய்க்கு என்ன கேடு என வினவலாம். ஒரு சென்றிமீற்றர் பக்கமுள்ள வெள்ளிக் கட்டியின் புறப்பரப்பு 6 சதுர சென்றிமீற்றர். அதையே 10 நனோமீற்றர் பக்கமுள்ள கட்டிகளாக அரிந்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீற்றராகும். நம்மூர்க் கணக்கில் ஏறத்தாழ 24 பேர்ச் காணி! அத்துணைப் பரப்பினின்றும் கசியும் வெள்ளி அயன்கள் பற்றீரியாவின் புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றின் தொழிலைக் குலைக்கின்றன, உறையையும் சிதைக்கின்றன.

எம் கருத்தைப் பெரிதும் கவர்ந்தது நுளம்பு பற்றிய ஆய்வாகும். வேலூரை அடுத்த மேல்விசாரத்திலுள்ள அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர், தாமரையிலைச் சாற்றால் ஆக்கிய வெள்ளித் துகளை நுளம்புக் குடம்பிகள்மேற் சோதித்து 2011இல் முடிபுகளை வெளியிட்டனர். வெறும் இலைச்சாற்றிலும் பன்மடங்கு குறைந்த அளவிலேயே அத்துகள் குடம்பிகளைக் கொன்றது. இலங்கை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது மெய்யே. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நம் மாவட்டத்துக் கிண்ணியா பட்ட துயரை எவரும் மறந்திலர். டெங்கு நுளம்பு உவர்கலந்த நீரிலும் பெருகும் என யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர் காட்டியதும் கடலோரத்தார்க்கு அச்சந் தருவதே.

அங்ஙனமாயின் இறக்கக்கண்டிக் களப்பிலே இம்மருந்தை ஊற்றிவிடலாமோ? ஆகாது. ஆய்வுகூடத்துத் தட்டில் இருந்தது நன்னீர். உப்புநீரிலே இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியிற் படியும். அங்ஙனம் படியுமிடம் இறால் மேயும் சேறு. வெள்ளி குடம்பியை மட்டும் தேர்ந்து கொல்வதுமன்று. மீன் குஞ்சுக்கும் நீர்வாழ் சிற்றுயிர்க்கும் அது நஞ்சே. வலையும் தூண்டிலும் கொண்டு வாழும் குடும்பங்களின் சோற்றில் மண்ணிடும் மருந்து நமக்கு வேண்டா. சிரட்டையையும் பழைய டயரையும் கவிழ்த்து வைத்தல் இன்றும் அதனினும் மேலான வைத்தியம்.

வெள்ளிநீரைக் குடிப்போரும் உளர். தொடர்ந்து உட்கொண்டாற் தோல் நீலச்சாம்பல் நிறமாகும், அந்நிறம் மீளாது. கடையில் விற்கும் கூழ்வெள்ளி மருந்துகள் பாதுகாப்பும் பயனும் உடையவையென ஏற்கப்பட்டவை அல்ல என அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாகம் 1999இல் விதித்தது. இலையால் ஆயது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது, எட்டியும் இலையுடையதன்றோ? பற்பமும் இந்நுண்துகளும் ஒன்றே எனச் சிலர் பெருமிதங் கொள்வதும் பொருந்தாது. ஒன்று தீயிற் புடமிடப்படுவது. மற்றையது நீரிற் பிறப்பது. நிலாவெளியை அடுத்த கோணேசபுரியிலே சித்த மருத்துவம் பயிலும் மாணாக்கர் இவ்வேறுபாட்டை ஆராய்வார்களாயின் மகிழ்வோம்.

இன்னொரு சிக்கலுமுண்டு. இலை எப்பொழுதும் ஒரே தன்மைத்தன்று. மாரியிற் பறித்ததும் கோடையிற் பறித்ததும் வேறுவேறு சாறு தரும். துகளின் அளவும் அதற்கேற்ப மாறக்கூடும். மருந்தென்றாலோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வேண்டும். இறக்கக்கண்டி மணலில் உப்புக்காற்று உண்டு வளர்ந்த வேம்பும், தம்பலகாமத்து வயலோரத்து வேம்பும் ஒரே துகளைத் தருமா? இரண்டு இலைக்கட்டும், சிறிது வெள்ளி நைத்திரேற்றும், கரைசலின் நிறத்தை அளக்கும் கருவியும், அருகிருந்து வழிகாட்டும் இரசாயன ஆசிரியரும் இருப்பின், உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தொடங்கலாம்.