வீட்டுறுதி யார் பெயரில்?

பொதுச் சேவைகளைத் திட்டமிடுவோரிடம் நிதியும் நிபுணத்துவமும் இருந்தால் மட்டும் போதாது. சேவையைப் பெறப்போகும் மக்களின் நிலையில் நின்று நோக்கும் ஒத்துணர்வும் அவசியமாகும். இதனை வெறும் இரக்கமெனக் கொள்ளலாகாது. திட்டமிடலுக்கு இன்றியமையாத அறிவு இது. அம்பாறைக் கரையோரத்தின் அனுபவம் இதற்குச் சான்றாகும்.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி நிகழ்ந்த கடல்கோளினால் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. அதனையடுத்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எனக் கட்டடத் தடை வலயம் அறிவிக்கப்பட்டது. நோக்கம் பாதுகாப்புத்தான். எனினும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் நெருக்கமாக அமைந்தவை. அங்கு 200 மீற்றரை விட்டுக்கொடுப்போருக்கு மாற்றுக் காணி எங்கே? தோணியையும் வலையையும் விட்டு மீனவர் எவ்வளவு தூரம் செல்வர்? வரையறை பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும், அதுவரை அல்லலுற்றோர் தற்காலிகக் கொட்டில்களில் வாழ்ந்த மக்களே.

மற்றொரு தவறு அதிகம் பேசப்படாதது. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்கே சீதனமாக வழங்கப்படுவது நெடுங்கால வழமை. திருமணத்தின் பின் கணவன் மனைவியின் வீட்டுக்கே வருகிறான். ஆனால் மீள்குடியேற்றத்தின்போது விண்ணப்பப் படிவங்கள் ‘குடும்பத் தலைவர்’ யாரென வினவின. பெரும்பாலும் ஆணின் பெயரே எழுதப்பட்டது. அலை அழித்த வீடு மனைவியுடையது. புதிய வீடோ பல இடங்களில் கணவனுக்குரியதாயிற்று. கைவிடப்பட்டால் தங்குவதற்கு ஒரு கூரை என்ற, தலைமுறைகளாக இருந்துவந்த பாதுகாப்பை ஒரு படிவத்தின் ஒற்றைக் கட்டம் பறித்துவிட்டது. இதில் எவருக்கும் தீய எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. கேட்டறியாமையே காரணம்.

இத்தகைய குறை சட்டத்திலும் இருந்தது. அரச காணிகளின் வாரிசுரிமையில் ஆண்மக்களுக்கு முன்னுரிமை அளித்த, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 2022 இலேயே அக்குறை நீங்கத் திருத்தப்பட்டது.

சாகாமத்து விவசாயியின் தேவை வேறு. கல்முனைக் கடற்றொழிலாளியின் தேவை வேறு. இருவருக்கும் ஒரே படிவத்தைக் கொழும்பில் அச்சிடுமுன், அதனை நிரப்பப்போகும் சிலரையேனும் அமர்த்தி வாசித்துக் காட்டுதல் வேண்டும். இந்த வீட்டில் யார் வாழ்கிறார், இது யாருக்கு உரியது, நாளை யார் வெளியேற்றப்படக்கூடும் என்ற மூன்று கேள்விகளைப் பிரதேச செயலகங்கள் கேட்டறிய அதிக செலவாகாது. கேளாமல் விடுவதன் இழப்பையோ, ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் சுமக்க நேரிடும்.