கேஸ் எங்கே போச்சு? - காரில் ஏசி குளிராவிட்டால் கவனிக்க வேண்டியவை



கோடைக் காலத்தில் நடந்த ஒரு குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் இருபதாயிரம் ரூபாய் கடன் கேட்டார். ஏற்கெனவே குழுக் கடனில் அவர் வாங்கிய பழைய காரை அவருடைய கணவர் வாடகைக்கு ஓட்டி வருகிறார். "ஏசியில அனல் காத்துதான் வருது. மூணு தடவை கேஸ் போட்டாச்சு. பத்து நாள் குளிரும், அப்புறம் பழையபடிதான். இப்ப கம்ப்ரசரே போச்சு, மாத்தணும்ங்கறாங்க. ஆஸ்பத்திரி சவாரி, கல்யாணச் சவாரி எல்லாம் வேற வண்டிக்குப் போயிடுச்சு. தவணை எப்படிக் கட்டறது?" என்று கண் கலங்கினார்.

அப்போது குழுவின் ஊக்குநர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, மூணு தடவை போட்ட கேஸ் எங்கே போச்சு?" யாரிடமும் பதில் இல்லை. நாங்கள் விவரம் தெரிந்த மெக்கானிக்குகளிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

ஏசி எப்படிக் குளிர வைக்கிறது?

ஊசி போடும் முன் நர்ஸ் தடவும் ஸ்பிரிட் கையில் ஜில்லென்று இருக்கும் அல்லவா? திரவம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. ஏசியிலும் இதுதான் நடக்கிறது. என்ஜின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர், கேஸை அழுத்தி அனுப்புகிறது. வண்டியின் முன்பக்கம் உள்ள கண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. பிறகு டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகி, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் கம்ப்ரசருக்கே போகிறது.

அதாவது, அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்ரோல் மாதிரி அது எரிந்து தீராது. பல வருடங்களில் கொஞ்சம் குறையலாம். பத்து நாளில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டைக் குடத்தில் எத்தனை தடவை தண்ணீர் பிடித்தாலும் நிற்குமா?

செலவில்லாமல் நாமே பார்க்கக் கூடியவை

1. ஏசி பொத்தானில் விளக்கு எரிகிறதா? சூடு-குளிர் திருகு நீல நிறப் பக்கம் இருக்கிறதா? சில நேரம் கோளாறே இவ்வளவுதான்.

2. காற்றே குறைவாக வருகிறதா? அப்படியானால் கேபின் பில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பல கார்களில் இது முன்சீட்டு எதிரே உள்ள சிறு பெட்டிக்குப் பின்னால் இருக்கும்.

3. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நின்றால் சூடாகிறதா? முன்பக்க விசிறி சுற்றாமல் இருக்கலாம். அல்லது கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கலாம். என்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவலாம்.

4. ஏசி போட்டதும் கம்ப்ரசரில் 'டக்' என்று சத்தம் வந்து, அதன் முன்தட்டு சுற்றுகிறதா? பல கார்களில் இப்படித்தான் இருக்கும். சுற்றவில்லை என்றால் கம்ப்ரசர் போய்விட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. ப்யூஸ் போயிருக்கலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும், கம்ப்ரசர் கெட்டுவிடாமல் இருக்க அதை ஓட விடாமல் ஒரு சுவிட்ச் தடுத்துவிடும்.

5. குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? கேஸோடு எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால், கசியும் இடத்தில் பிசுக்குப் படியும்.

எச்சரிக்கை: என்ஜின் ஓடும்போது முந்தானை, துப்பட்டா, பின்னல் எதுவும் பெல்ட் அருகே போகக் கூடாது. விசிறி திடீரென்று சுற்றத் தொடங்கும். ஏசி குழாய்களை நாமே கழற்றவே கூடாது. பீறிட்டு வரும் திரவம் பட்டால் தோலும் கண்ணும் உறைந்து புண்ணாகிவிடும். காரின் அடியில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கோளாறு இல்லை, அது இயல்பானது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

* "லீக் எங்கே? கண்ணால் காட்டுங்க." சோப்புத் தண்ணீர், சாயம், கருவி என்று கண்டுபிடிக்கப் பல வழிகள் உண்டு.
* "லீக்கை அடைச்ச பிறகு வேக்கம் போடுவீங்களா?" குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து அரை மணி நேரமாவது இழுக்க வேண்டும்.
* "எத்தனை கிராம் கேஸ்?" பெரும்பாலும் பானெட்டுக்குள் ஒட்டியுள்ள சீட்டில் அளவு இருக்கும். எடை போட்டு நிரப்ப வேண்டும். அதிகம் போட்டாலும் குளிராது.
* மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள்.

இங்கு பல கார்களில் உள்ள ஆர்-134ஏ கேஸ், கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. ஓட்டையை அடைப்பது நம் பணத்துக்கும் நல்லது, நம் பிள்ளைகளுக்கும் நல்லது.

அந்த உறுப்பினர் வண்டியை வேறு பட்டறையில் காட்டினார். கண்டென்சர் அருகே ஒரு இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. உள்ளே இருந்த சின்ன ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தது. அதை மாற்றி, வேக்கம் போட்டு, கேஸ் நிரப்ப மூவாயிரத்துக்குள் முடிந்தது. கம்ப்ரசர் பழையதேதான்! அந்தத் தொகையை மட்டும் குழு கடனாகக் கொடுத்தது. ரிப்பேர் கடன் கேட்பவர்கள், கோளாறு என்ன என்று பட்டறையில் எழுதி வாங்கி வர வேண்டும் என்று தீர்மான நோட்டிலும் எழுதிக்கொண்டார்கள்.

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லாக் குழுவிலும் இருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேள்வி கேட்பது சண்டை இல்லை. நம் சேமிப்பை நாம் காப்பாற்றிக்கொள்ளும் வழி அது.